நள்ளிரவு 12 மணி அடித்தால் மாறும் பேட்டா! ஊர் விட்டு ஊர் வரும் ஜவானுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

கைலாசபுரம் (திருச்சி) –

அரை மணி நேரம் பிந்திப் புறப்பட்டால் 200 ரூபாய் போச்சு! அரை மணி நேரம் பிந்தி ஊர் திரும்பினால் 150 ரூபாய் வந்தாச்சு!

சீட்டுக் கச்சேரிக் கணக்கு என்று நினைத்து விடாதீர்கள். தற்காலிகப் பணிக்காக ஊர் விட்டு ஊர் போகும் ராணுவ வீரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் தினப்படிக் கணக்குதான் இது.

கைலாசபுரம் என்றால் திருச்சிக்காரர்களுக்கு 'பெல்' டவுன்ஷிப். பக்கத்திலேயே 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. அதற்குத் துணையாகப் பின்னால் வந்த ஹெச்.ஏ.பி.பி. தொழிற்சாலை. ஒன்று துப்பாக்கி செய்கிறது. மற்றொன்று டாங்கிக் குண்டுகளுக்கான கன உலோகப் பாகங்களைச் செய்கிறது. 2021 அக்டோபர் 1-ந் தேதி பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 அரசு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, இந்த இரண்டும் ஆளுக்கொரு கம்பெனியின் கீழ் போயின.

இந்த வட்டாரத்தில் டீக்கடை, மளிகைக்கடை வைத்திருப்பவர்களுக்குப் பச்சைச் சீருடை புதிதல்ல. தோளில் பை, கையில் டிரங்குப் பெட்டியோடு ஜவான்கள் திருச்சி ஜங்ஷனில் இறங்குவதையும் பஸ் ஏறுவதையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். லீவில் வருகிறவர்கள் ஒரு ரகம். 'டி.டி.' என்று சொல்லப்படும் தற்காலிகப் பணிக்குப் போகிறவர்கள் இன்னொரு ரகம்.

லீவில் வருகிறவருக்கு அவர் செலவு அவரோடு. டியூட்டியில் வருகிறவருக்குச் சாப்பாடு, தங்கல், ஊருக்குள் போக்குவரத்து ஆகியவற்றுக்கு அரசாங்கம் காசு தர வேண்டும். அதில்தான் கணக்கு.

கடிகாரம்தான் கணக்கப்பிள்ளை

ஒரு நாள் என்பது இங்கே நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு 12 வரை. 'திங்கள் சாயங்காலம் கிளம்பி செவ்வாய் சாயங்காலம் வந்தேன், ஒரு நாள்' என்று நம் வீட்டுக் கணக்குப் போட முடியாது. திங்களும் தனி நாள். செவ்வாயும் தனி நாள்.

அந்தந்த நாளில் தன் தலைமையிடத்தை விட்டு எத்தனை மணி நேரம் வெளியே இருந்தார் என்று பார்ப்பார்கள்.

6 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் சாப்பாட்டுப் படியில் 30 சதவீதம்.

6 முதல் 12 மணி நேரம் வரை என்றால் 70 சதவீதம்.

12 மணி நேரத்துக்கு மேல் என்றால் முழுசாக 100 சதவீதம்.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் தொழிலாளர்களுக்கு இந்த 30-70-100 கணக்கு தலைகீழ்ப் பாடம். ரயில்வேயில் நெடுங்காலமாக இருந்த முறை இது. இதைத்தான் 7-வது ஊதியக்குழு எடுத்து மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கும் பொருத்தியது. 2017-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அதே ஆண்டில் படை வீரர்களுக்கும் வந்து சேர்ந்தது.

யாருக்கு எவ்வளவு?

தொகை பதவியைப் பொறுத்தது. சம்பள அட்டவணையில் எந்தப் படியில் ஒருவர் நிற்கிறாரோ அதை 'லெவல்' என்கிறார்கள். சிப்பாய் 3-வது லெவல். நாயக் 4. ஹவில்தார் 5. நாயிப் சுபேதார் 6. சுபேதார் 7. சுபேதார் மேஜர் 8. லெப்டினன்ட் 10. மேஜர் 11. அதற்கு மேலே கர்னல், பிரிகேடியர், ஜெனரல் என்று ஏறிக்கொண்டே போகும்.

2017-ல் நிர்ணயித்த ஒரு நாள் சாப்பாட்டுப் படி இதோ:

சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 500 ரூபாய்.

நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 800 ரூபாய்.

லெப்டினன்ட் முதல் மேஜர் வரை 900 ரூபாய்.

லெப்டினன்ட் கர்னல், கர்னல் அந்தஸ்துக்கு 1,000 ரூபாய்.

மேஜர் ஜெனரலுக்கும் அதற்கு மேலும் 1,200 ரூபாய்.

சாப்பாட்டில் கீழ்ப் படிக்கும் மேல் படிக்கும் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம்தான். லாட்ஜ் வாடகையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஹவில்தாருக்கு ஒரு நாளைக்கு 450 ரூபாய் வரை. மேஜருக்கு 2,250 வரை. மேஜர் ஜெனரலுக்கு 7,500 வரை!

ஊருக்குள் பஸ், ஆட்டோ செலவுக்கு ஹவில்தாருக்கு ஒரு நாளைக்கு 113 ரூபாய் உச்சவரம்பு. சுபேதாருக்கு 225. மேஜருக்கு 338. அதற்கு மேலே போனால் டாக்சி.

நடந்து போனால் ஒன்றும் கிடையாதா? உண்டு! நடந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்று மத்திய அரசின் உத்தரவில் எழுதியே இருக்கிறது.

இந்தத் தொகைகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இவையும் 25 சதவீதம் ஏற வேண்டும் என்று உத்தரவிலேயே சொல்லியிருந்தார்கள். அகவிலைப்படி 2024 ஜனவரி 1 முதல் 50 சதவீதத்தைத் தொட்டது. அந்தக் கணக்கில் 500 என்பது 625. 450 என்பது 562 ரூபாய் 50 காசு. 113 என்பது 141 ரூபாய் 25 காசு. நடைக்கு 12 என்பது 15.

ஒரு ஹவில்தாரின் நாலு நாள்

புரிவதற்கு ஒரு உதாரணம். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் வேலை பார்க்கும் ஒரு ஹவில்தார் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கித் தொழிற்சாலை வேலையாகத் திருச்சிக்கு அனுப்புகிறார்கள்.

திங்கள் மாலை 4 மணிக்கு வெலிங்டனை விட்டுக் கிளம்புகிறார். கோவைக்கு இறங்கி, ராத்திரியோடு பயணம் செய்து, செவ்வாய் காலை திருச்சி. செவ்வாய் ராத்திரி லாட்ஜில் தங்கல். புதன் வேலை முடித்து ராத்திரி கிளம்புகிறார். வியாழன் காலை 11 மணிக்கு வெலிங்டன் போய்ச் சேருகிறார்.

முதலில் 2017 தொகையில் பார்ப்போம்.

திங்கள்: மாலை 4 முதல் நள்ளிரவு வரை 8 மணி நேரம். 70 சதவீதம். 350 ரூபாய்.

செவ்வாய்: முழு நாள். 500 ரூபாய்.

புதன்: முழு நாள். 500 ரூபாய்.

வியாழன்: நள்ளிரவு முதல் காலை 11 வரை 11 மணி நேரம். 70 சதவீதம். 350 ரூபாய்.

சாப்பாட்டுப் படி மொத்தம் 1,700 ரூபாய்.

லாட்ஜ் ஒரு ராத்திரி 450. டவுன் போக்குவரத்து இரண்டு நாளைக்கு 226. ஆக 2,376 ரூபாய். இதோடு 25 சதவீத உயர்வைச் சேர்த்தால் 2,970 ரூபாய். ரயில் டிக்கெட் தனி.

இப்போது கடிகாரத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.

அதே ஹவில்தார் திங்கள் மாலை 5.30-க்குக் கிளம்பியிருந்தால் நள்ளிரவுக்கு ஆறரை மணி நேரம். அப்போதும் 350 ரூபாய்தான். 6.30-க்குக் கிளம்பியிருந்தால்? ஐந்தரை மணி நேரம்தான். 30 சதவீதம். வெறும் 150 ரூபாய்! 6 மணிக் கோட்டின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அரை மணி. 200 ரூபாய் வித்தியாசம்.

திரும்பும்போது கதை தலைகீழ். வியாழன் 11.30-க்குச் சேர்ந்தால் 350. பஸ் பஞ்சராகி மத்தியானம் 12.30-க்குச் சேர்ந்தால் 12 மணி நேரம் தாண்டி விட்டது. முழு 500.

ஆகவே பில்லில் தொகையை விட முக்கியம் நேரம். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்குச் சேர்ந்தார் என்பதைச் சரியாக எழுதாதவர் தன் காசைத் தானே விட்டுக்கொடுக்கிறார். நேரம் இல்லாத பில் திரும்பி வரும்.

பில் கேட்ட காலம்

சாப்பிட்டதற்கு இப்போது ரசீது காட்ட வேண்டாம். முன்பு அப்படி இல்லை.

2008-ல் 6-வது ஊதியக்குழுவைத் தொடர்ந்து வந்த முறையில், மத்திய அரசின் கீழ்ப்படி ஊழியருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 100 ரூபாய் வரை என்று வைத்தார்கள். அதையும் பில் காட்டி வாங்க வேண்டும் என்றார்கள். ராத்திரி 11 மணிக்கு ரோட்டோரக் கடையில் பரோட்டா சாப்பிடுகிறவர் பில்லுக்கு எங்கே போவார்? கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் துண்டுச் சீட்டில் கூட்டிக் காட்டுவார். அந்தச் சீட்டு ஆபீசில் செல்லுமா?

2017-ல் அந்தத் தலைவலி தீர்ந்தது. சாப்பாட்டுக்கு மொத்தத் தொகை. ரசீது வேண்டாம். லாட்ஜ் வாடகைக்கும், டவுன் போக்குவரத்துக்கும் சுபேதார் மேஜர் அந்தஸ்து வரையில் ரசீது இல்லாமல் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் எந்த லாட்ஜ், எத்தனை நாள், எந்த வண்டி, அதன் நம்பர் என்று விவரம் இருக்க வேண்டும்.

சென்னை, பெங்களூரு, மும்பை, டில்லி போன்ற 8 பெருநகரங்களில் இவர்களுக்கு லாட்ஜ் வாடகை 1,000 ரூபாய் வரை என்று 2017-ல் வைத்தார்கள். அங்கே ரசீது கட்டாயம். திருச்சி அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே ஹவில்தாருக்குப் பழைய 450-ம் அதன் உயர்வும்தான். அந்தத் தொகையில் ஜங்ஷன் பக்கம் எப்படிப்பட்ட ரூம் கிடைக்கும் என்று திருச்சி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராணுவமே தங்க இடம் கொடுத்து, மெஸ்சில் சோறும் போட்டு விட்டால், அதே நாளுக்கு வெளியில் செலவானது போல முழுத் தொகையையும் கேட்க முடியாது. தற்காலிகப் பணிக்கு நாள் வரம்பும் உண்டு. 180 நாட்களுக்கு மேல் தினப்படி ஓடாது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே கணக்கு வேறு மாதிரி. பதவியைப் பார்த்துத் தொகை இல்லை. ஊரைப் பார்த்துத் தொகை. நியூயார்க் என்றால் கூட. சின்ன ஊர் என்றால் குறைவு. ஒரே ஊருக்குப் போகும் சிப்பாய்க்கும் ஜெனரலுக்கும் உள்நாட்டில் ஒரே தினப்படி!

கிளம்பும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் மணிக் கணக்கைத் துருவுவதில்லை. காலை 6-க்குக் கிளம்பினாலும் சரி, மாலை 6-க்குக் கிளம்பினாலும் சரி, சாப்பாட்டுத் தொகையில் 75 சதவீதம். ராணுவ உணவு விடுதியில் சாப்பிட ஏற்பாடு இருந்தால் தொகை குறையும். இது மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே நியாயம்தான்.

அந்த முறையில் நம் ஹவில்தாரின் திங்கள், வியாழன் இரண்டு நாளும் சண்டைக்கே இடமில்லை.

பேட்டாவுக்காக நடந்த கலகம்

'பேட்டா' என்ற சொல் இன்று லாரி டிரைவர், கார் டிரைவர் வாயில் புழங்குகிறது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் வேரூன்றிய சொல் இது. முகாமை விட்டு வெளியே போகும் வீரனுக்குக் கொடுத்த படிதான் பேட்டா. நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லோடு இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள் அகராதிக்காரர்கள். சோற்றுக்கான காசு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் காசுக்காகப் பெரிய கலகமே நடந்திருக்கிறது. 1751, 52-ல் திருச்சிக் கோட்டைக்காக நடந்த சண்டையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், பின்னால் வங்காளத்தில் கவர்னர் ஆனார். 1757 பிளாசிப் போருக்குப் பிறகு அங்கே அதிகாரிகளுக்கு நவாப் இரட்டைப் பேட்டா கொடுத்து வந்தார். போர் முடிந்தும் அதை விடவில்லை. 1766 ஜனவரி முதல் கிளைவ் அதை வெட்டினார். வெள்ளைக்கார அதிகாரிகள் கூட்டம் கூடி, ஒரே நேரத்தில் ராஜினாமா செய்வது என்று முடிவு கட்டினார்கள். கிளைவ் அசரவில்லை. சென்னையிலிருந்து அதிகாரிகளை அனுப்பச் சொன்னார். கலகம் அடங்கியது. அதில் சிக்கிய சர் ராபர்ட் பிளெட்சர் ராணுவ விசாரணையில் பதவி இழந்தார். அதே பிளெட்சர் பிறகு சென்னைப் படைக்கே தளபதியாக வந்தது தனிக் கதை!

நம் ஊர்ச் சிப்பாய்களும் ஏமாந்திருக்கிறார்கள். 1844-ல் சென்னைப் படையின் 47-வது ரெஜிமெண்டை சிந்துப் பகுதிக்கு அனுப்பினார்கள். கூடுதல் பேட்டா உண்டு என்று சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபு வாக்குக் கொடுத்திருந்தார். கல்கத்தா மேலிடம் அதை ஏற்கவில்லை. பம்பாயில் இறங்கிய பிறகுதான் சிப்பாய்களுக்கு விஷயம் தெரிந்தது. அணிவகுப்பு மைதானத்திலேயே குரல் எழுப்பினார்கள். சிலர் கைதானார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தை நம்பிக் கப்பல் ஏறியவர்கள் அவர்கள்.

2018-ல் பூட்டிய பெட்டி

பழைய கதை என்று தள்ளி விட முடியாது. 2018 அக்டோபரில் ராணுவ அதிகாரிகளின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் புனே அலுவலகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பயணப்படித் தலைப்பில் போதுமான நிதி இல்லை. நிதி வரும் வரை தற்காலிகப் பணி, இடமாற்றம் ஆகியவற்றுக்கான முன்பணமும் பில்லும் பாதிக்கப்படும் என்றது. செய்தி நாடு முழுக்கப் பரபரப்பானது. பிறகு பாதுகாப்பு அமைச்சகம் தலையிட்டு நிதிக்கு வழி செய்தது.

டியூட்டிக்குப் போ என்ற உத்தரவு நிற்கவில்லை. கையில் காசு தருவதுதான் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் போகிறவர் சொந்தப் பையிலிருந்து போட்டுப் போக வேண்டும். அதிகாரிக்கே கையைக் கடிக்கும் என்றால், மாதம் பிறந்ததும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் சிப்பாய்க்கு எப்படி இருக்கும்?

பொய் பில் போட்டால்?

இன்னொரு பக்கமும் உண்டு. ரசீது வேண்டாம், கையெழுத்துப் போதும் என்று விட்டதால் இஷ்டத்துக்கு எழுதலாம் என்று யாராவது நினைத்தால் ஆபத்து.

போகாத ஊருக்கு போனதாகவோ, தங்காத லாட்ஜில் தங்கியதாகவோ எழுதினால் அது வெறும் கணக்குத் தப்பு ஆகாது. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 52-வது பிரிவு மோசடி நோக்கத்தோடு செய்யும் காரியங்களைத் தண்டிக்கிறது. 10 ஆண்டு வரை சிறை. 57-வது பிரிவு பொய்யான அரசு ஆவணங்களுக்கு. 14 ஆண்டு வரை சிறை! சில நூறு ரூபாய்க்காக வேலையும் போய், பென்ஷனும் ஆட்டம் காணும்.

கையெழுத்து போட்டு அனுப்பும் மேலதிகாரியும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. கணக்கு அலுவலகத்தில் 'மூவ்மெண்ட் ஆர்டர்' தேதியையும் டிக்கெட் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முன்பு எல்லாம் ரயில்வே வாரண்ட் காகிதம்தான். இப்போது பாதுகாப்புத் துறையின் பயண டிக்கெட் ஆன்லைனிலும் எடுக்கப்படுகிறது. எந்த ரயில், எந்தத் தேதி, டிக்கெட் ரத்தானதா என்பது கம்ப்யூட்டரில் பதிந்து கிடக்கிறது. பொய் எழுதினால் ரயிலே காட்டிக் கொடுத்து விடும்.

61-வது நாள் வேண்டாம்!

நேர்மையாகப் போய் வந்தவரும் பணத்தை இழக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கெடு.

முன்பெல்லாம் பயணப்படி பில் கொடுக்க ஒரு வருஷம் அவகாசம் இருந்தது. 2018 மார்ச் 13-ந் தேதி மத்திய நிதி அமைச்சகம் அதை 60 நாளாகக் குறைத்தது. பயணம் முடிந்ததற்கு மறுநாளிலிருந்து 60 நாள். அவ்வளவுதான். 61-வது நாள் கொண்டுபோனால், உரிமை போனது என்பார்கள்.

டியூட்டி முடித்த கையோடு லீவில் போகிறவர்கள், எல்லைப் பகுதிக்கு மாற்றல் ஆகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டக்கூடியவர்கள். பெட்டி அடியில் கிடக்கும் டிக்கெட்டும் சீட்டும் மூன்று மாதம் கழித்துக் கையில் கிடைத்துப் பிரயோஜனம் இல்லை.

ஆகவே கைலாசபுரம் பக்கத்துக் குடும்பங்கள், படையில் இருக்கும் பிள்ளைக்கோ மாப்பிள்ளைக்கோ போனில் சொல்ல வேண்டியவை இவை:

கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அன்றன்றே ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கவும்.

மூவ்மெண்ட் ஆர்டரில் போன இடத்து முத்திரையும் கையெழுத்தும் தேதியோடு வாங்கவும்.

டிக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

லாட்ஜ் பெயர், தங்கிய நாட்கள், ஆட்டோ அல்லது டாக்சி நம்பர் ஆகியவற்றைக் குறித்து வைக்கவும். பெருநகரம் என்றால் ரசீது வாங்கவும்.

மெஸ்சில் சாப்பிட்ட நாளையும் மறைக்காமல் எழுதவும்.

திரும்பிய வாரத்திலேயே பில்லைப் போட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைக்கவும்.

ஹவில்தாரின் நாலு நாள் கணக்கு 2,970 ரூபாய். ஒரு வீட்டின் மாத மளிகையில் பாதிக்கு ஆகும். அந்தப் பணம் வருவதும் போவதும் நோட்டில் எழுதிய இரண்டு மணிக் குறிப்பிலும், 60 நாள் கெடுவிலும் இருக்கிறது.